நான் சாப்பிடப் போனால் நிற்கும் எந்திரம்

மலேசியாவில், ஸ்கூடாயில் நான் தங்கிய விடுதிக்குப் பின்னால் ஒரு பெரிய சாக்கடை ஓடுகிறது. முதல் நாள் காலையில் சன்னல் திரையை விலக்கியபோது அதன் ஓரத்தில் ஓர் உடும்பு படுத்திருந்தது. நீளத்தில் என்னைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நான் திரையை மூடிவிட்டேன். வரவேற்பு மேசையிலிருந்த மலாய்ப் பெண்ணிடம் போய், பின்னால் முதலை நிற்கிறது என்று புகார் செய்தேன். அவள் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அது எப்போதும் இங்கேதான் இருக்கிறது, நீங்கள்தான் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஐம்பதைத் தாண்டிய பிறகு அதற்கு முன்னெச்சரிக்கை என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறேன். பிழைப்பு, ஆலை எந்திரங்களின் பி.எல்.சி.களைப் பார்ப்பது. பி.எல்.சி. என்பது எந்திரத்தின் மூளை. இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அது சொல்வது கைகால்களுக்குக் கேட்காமல் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். வெளிநாட்டுக்கு என்னை அனுப்பியதற்குக் காரணம் என் திறமை அல்ல. எங்கள் கம்பெனியில் காலாவதியாகாத பாஸ்போர்ட் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

கூலாய் என்ற ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்ப்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில், சமையல் எண்ணெய் நிரப்பும் ஆலை ஒன்று இருக்கிறது. நிரப்பிய டின்களை அடுக்கோடு மேல்தளத்துக்கு ஏற்றும் லிஃப்டை எங்கள் கோவை கம்பெனிதான் செய்து அனுப்பியது. சில வாரங்களாக அது பாதி வழியில் அந்தரத்தில் நின்றுவிடுகிறதாம். கீழே இருக்கும் மூளைக்கும் உச்சியில் இருக்கும் சின்னப் பெட்டிக்கும் பேச்சு அறுந்துபோகிறது. பேச்சு அறுந்தால் பாதுகாப்புக்காக பிரேக் கவ்வும். அப்படி ஒருமுறை கவ்விய குலுக்கலில் ஓரத்து டின்கள் சரிந்து ஒரு நேபாளத் தொழிலாளிக்குப் பக்கத்தில் விழுந்தன. அவருக்கு அடி படவில்லை. ஆனால் அன்றிலிருந்து லிஃப்டை ஒரு வட்டம் போட்டுத்தான் கடக்கிறார். போனதும் நான் செய்த முதல் வேலை, அவர் எவ்வளவு தள்ளி நடக்கிறார் என்று கவனித்து, அதற்கு மேல் ஒரு முழம் கூட்டிக்கொண்டதுதான்.

ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததே ஒரு கதை. வாடகைக்கு வெள்ளைக் கார் வரும் என்று கைப்பேசி சொன்னது. ஸ்கூடாயில் பாதிக் கார்கள் வெள்ளை. விடுதி வாசலில் நின்ற ஒன்றின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, கூலாய் என்றேன். நரைத்த தாடி வைத்த மலாய்க்காரர் கண்ணாடி வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போய், ஒரு பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தினார். கடத்தல்தான் என்று முடிவுகட்டினேன். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மனைவியிடம் சொல்லாமல் விட்டோமே என்று வருந்திக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகத் திரும்பினார். தான் விடுதிக்குப் பக்கத்துக் கடையில் நாசி லெமாக் வாங்க வந்தவர் என்றும், ஏன் என் வண்டியில் ஏறினாய் என்று கேட்கப் பயமாக இருந்தது என்றும் சொன்னார். என் மடியிலிருந்த இரும்புக் கருவிப் பெட்டியைத்தான் வழி நெடுகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். கோவையில் இப்படி ஏறியிருந்தால் காந்திபுரம் தாண்டுவதற்குள் என் பூர்வீகத்தையே விசாரித்திருப்பார்கள். இவர் உண்மையான வாடகைக் கார் வரும்வரை கூடவே நின்று, வாங்கிய பொட்டலங்களில் ஒன்றையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும். பயத்துக்கு மேல் காரம், அமிர்தமாக இருந்தது.

ஆலை வாசலில் கோகிலா காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். நீலச் சட்டை, இடுப்பில் டெஸ்டர், கையில் எப்போதும் கைப்பேசி. பராமரிப்புப் பிரிவே அவர்தான். "வயர்மேன் லைசென்ஸ் வச்சிருக்கேன்ணே. அதுல மேன் எங்கன்னு மட்டும் கேட்டுறாதீங்க" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். தாத்தா காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டியவர்கள், அப்பா லாரி, நான் லிஃப்ட்டு என்று குடும்ப வரலாற்றை ஒரே மூச்சில் முடித்தார். லிஃப்டுக்குப் போகும் வழியில்தான் மற்றதையும் சொன்னார்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஆலையின் எல்லா எந்திரங்களையும் ஒரே நெட்வொர்க்கில் சேர்க்கச் சொன்னார்கள். உற்பத்திக் கணக்கை அலுவலகத்திலிருந்தே பார்ப்பதற்காக. எங்கள் கம்பெனி அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு கேபிள் இழுத்தவர் கோகிலா. அவர் இழுத்து முடித்த பிறகுதான் லிஃப்ட் நிற்க ஆரம்பித்தது. அதனால் கேபிள் கோளாறு, அதாவது கோகிலா கோளாறு என்று மேனேஜர் லிம் முடிவுக்கு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை கூட்டம். நான் கேபிள் என்று சொன்னால் கோகிலாவுக்கு வேலை இல்லை.

"போனா போவுது, சிங்கப்பூருல வேல கெடைக்கும்" என்றார். "ஆனா எங்க வீட்டுக்காரு ஏற்கெனவே விடிய முந்தி பாலம் தாண்டி அங்கதான் போறாரு. நானும் போயிட்டா புள்ளைய யாருண்ணே பள்ளிக்கு அனுப்புறது?"

அதுவரை நான் என் உயிருக்கு மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். கூட இன்னொரு குடும்பத்தையும் தூக்கிக்கொண்டு பயப்பட வேண்டியதாயிற்று.

முதல் நாள் லிஃப்ட் என் முன்னால் பரதநாட்டியம் ஆடியது; ஒரு பிசகு இல்லை. ஏறியது, இறங்கியது. நான் லேப்டாப்பை மாட்டி, நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆள் எண்ணினேன். ஒவ்வொரு கருவிக்கும் வீட்டுக்கு இருப்பது போல ஓர் எண் உண்டு. எல்லோரும் அவரவர் எண்ணில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். கோகிலா இழுத்த கேபிளை முனைக்கு முனை பார்த்தேன். பயந்த மனம் குற்றம் தேடுவதில் கெட்டி. அதற்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

மதியம் கோகிலா என்னைத் தன் காரில் கூலாயில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். கைப்பேசியை இலைக்குப் பக்கத்தில் முகம் மேலே பார்க்க வைத்துக்கொண்டார். ஆலையிலிருந்து அழைப்பு வந்தால் தெரிய வேண்டுமாம். மீன் குழம்பை நான் சோற்றில் குழி பறித்து ஊற்றிக்கொண்ட நேரம் அது அதிர்ந்தது. லிஃப்ட் நின்றுவிட்டது. ஓடினோம். போய்ச் சேர்வதற்குள் அது சரியாகி, ஒன்றும் தெரியாத பிள்ளை போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாளும் அப்படியே. நான் இருக்கும்வரை லிஃப்ட் தங்கம். ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவைக் கிழித்து வாய்க்குக் கொண்டுபோனால் கைப்பேசி துள்ளும். மாலையில் தே தாரிக், அதாவது நுரை பொங்க ஆற்றிய டீ, குடிக்கக் கேன்டீன் வரைக்கும் போனேன், அப்போதும் நின்றது. ஆலை முழுக்க இது பரவிவிட்டது. இந்தியாவிலிருந்து வந்திருக்கும் ஆளுக்கு லிஃப்ட் பயப்படுகிறது என்று பேசிக்கொள்வதாகக் கோகிலா சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று எனக்குப் பயப்படுகிறது. அதுவும் எண்ணெய் டின் தூக்குகிற ஒன்று.

அன்று மாலை கோவையிலிருந்து முதலாளி கூப்பிட்டார். எங்கள் முதலாளி நல்லவர். எண் சோதிடத்தில் மட்டும் கொஞ்சம் தீவிரம். கம்பெனி கார், தொலைபேசி, மகள் கல்யாணத் தேதி எல்லாமே கூட்டினால் ஒன்பது வர வேண்டும். "கேபிள்தானே?" என்றார். இன்னும் தெரியவில்லைங்க என்றேன். "கேபிளாத்தான் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் நான் உண்ணாவிரதம் இருப்பது என்று முடிவெடுத்தேன். சாப்பிடப் போனால்தானே நிற்கிறது? போகவே மாட்டேன். லிஃப்டுக்கு எதிரே, பாதுகாப்பான தூரத்தில், ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

மதியம் தாண்டியது. லிஃப்ட் நிற்கவில்லை. ஆனால் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மலாய்க்காரர் வந்து சாப்பிட்டாச்சா என்று கேட்டார். நேபாளத் தொழிலாளி தூரத்தில் நின்றபடியே கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். பொட்டலம் கட்டும் பகுதியின் சீனப் பெண்மணி, பசியோடு வேலை செய்தால் வயிற்றில் காற்று சேரும் என்று அறிவுரை சொன்னார். இந்த ஊர்க்காரர்கள் பார்த்ததும் சாப்பாட்டை விசாரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருவராக வந்து விசாரித்தால் எனக்கு வேறு மாதிரி தோன்றும். கடைசியில் லிம்மே வந்தார். நீங்கள் கட்டாயம் போய்ச் சாப்பிட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில் ஒரு கெஞ்சல் இருந்தது. சாப்பாட்டில் எதையோ கலந்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாயிற்று.

கோகிலாவை ஓரமாக அழைத்துக் கேட்டேன். ஏன் எல்லோரும் என்னைத் துரத்துகிறார்கள்?

"அது ஒண்ணுமில்லண்ணே. பக்கத்து ஹால்ல பாக்கெட் மெஷின் இருக்குல்ல, அது போடுற சத்தத்துல உங்களுக்கு யோசிக்க முடியாதுன்னு, நீங்க இருக்கறப்ப ஓட்டக்கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. மரியாதைக்கு. நீங்க சாப்பிடப் போனாத்தான் தெறந்து ஓட்டுவாங்க. ஆர்டரு வேற நிக்குது."

சொல்லி முடித்ததும் அவரே நின்றுவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாப்பாட்டு நேரமெல்லாம் அவர் என்னோடு கடையில்தான் இருந்தார். இங்கே எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று சேர்த்துப் பார்க்க ஆலையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. லிஃப்டும் பாக்கெட் எந்திரமும் வேறு வேறு ஹால்.

கோவையில் எந்திரம் நின்றால் மேஸ்திரி, காவலாளி, டீக்காரர் உள்பட எல்லோரும் சூழ்ந்து நின்று எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டி என்னைச் செவிடாக்கிவிடுவார்கள். இங்கே மரியாதை கொடுத்தே கோளாறை ஒளித்துவைத்துவிட்டார்கள்.

"ஓட்டச் சொல்லுங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த ஹாலில் தார்ப்பாயை உருவி, பாக்கெட் எந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்தார்கள். லிஃப்ட் அப்போது டின் அடுக்கோடு பாதி உயரத்தில் இருந்தது. தட் என்று ஒரு சத்தம். நின்றது. மேலே டின்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிணுகிணுத்தன. நேபாளத் தொழிலாளி ஓடினார். அவருக்கு முன்னால் நான் ஓடினேன்.

தூணுக்குப் பின்னாலிருந்து மூச்சை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, லேப்டாப்பிலிருந்து லிஃப்டின் மூளையைக் கூப்பிட்டேன். இருக்கிறாயா என்று கேட்டால் இருக்கிறேன் என்று பதில் வரும். அவ்வளவுதான் அந்தச் சோதனை. இருக்கிறேன், இருக்கிறேன் என்று பதில் வந்துகொண்டே இருந்தது. அப்படியானால் ஏன் நின்றது? எனக்கு வேறெதுவும் தோன்றாமல், மூளையில் செருகியிருந்த கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

திரையில் பதில் வந்தது. இருக்கிறேன். இருக்கிறேன்.

கேபிள் என் கையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மூளைக்கு வாய் இல்லை, காது இல்லை. இருந்தும் அதன் பெயரில் ஒன்று எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. விபூதி வைக்காமல் வந்துவிட்டோமே என்றுதான் முதலில் நினைத்தேன். இருபத்தைந்து வருட அனுபவம் இரண்டாவதாகத்தான் வந்தது.

"அண்ணே" என்றார் கோகிலா, ரொம்ப மெதுவாக. "உங்க கம்பெனி மெஷினுக்கெல்லாம் என்ன நம்பர் வைப்பீங்க?"

பாக்கெட் எந்திரத்தின் பெட்டி மீது எங்கள் கம்பெனி பெயர் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எங்கள் பழைய சரக்கு. நான் வேலை பார்க்காத வேறு பிரிவில் செய்தது. லேப்டாப்பை அதில் மாட்டித் திறந்தேன். எண், ஒன்பது. லிஃப்டின் எண்ணும் ஒன்பது. தலைக்கு ஒன்பதுதான் வைக்க வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் சட்டம். ஒவ்வொரு எந்திரத்தின் தலைமை மூளைக்கும் ஒன்பது. தனித்தனி ஊருக்குப் போகும்வரை ஒன்றும் இல்லை. ஒரே ஆலைக்கு இரண்டு போய், கோகிலா படத்தில் இருந்தபடியே இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் சேர்த்ததும், ஒரு தெருவில் ஒன்பதாம் நம்பர் வீடு இரண்டாகிவிட்டது. உச்சிப் பெட்டி சொன்னதெல்லாம் பாதி நேரம் பாக்கெட் எந்திரத்தின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"படத்துல நம்பரே போடலண்ணே. திறந்து பாக்கலாம்னா பாஸ்வேர்ட நீங்க தர்ல" என்றார் கோகிலா. அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வெளியே போய் முதலாளிக்கு அழைத்துச் சொன்னேன். ஆலைக்குப் பின்னால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பனைத் தோட்டமே தெரியவில்லை. அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "கேபிளுன்னு எழுதிப்போட்டு, கமுக்கமா நெம்பர மாத்திப்போட்டு வந்துரு. அவனுகளுக்கு என்ன தெரியப்போகுது?"

இங்க ஒரு அம்மாவுக்கு வேலை போயிருமுங்க என்றேன். ஒப்பந்தம் போனால் கோவையில் எத்தனை பேருக்குப் போகும், உனக்கும் சேர்த்துத்தான் என்றார். அதுவும் பொய்யில்லை.

நம்பரை மாற்றினேன். லிஃப்டும் பாக்கெட் எந்திரமும் சேர்ந்தே ஓடின. ஒரு குலுக்கல் இல்லை. கோகிலா என்னை விடுதியில் இறக்கிவிட்டார். இறங்கும்போது கேட்டார்.

"நாளைக்கு என்ன சொல்லுவீங்கண்ணே?"

"பாக்கலாம்மா" என்றேன். என் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே மட்டமானது அதுதான். சாக்கடை ஓரத்து உடும்பு தலையைத் தூக்கிப் பார்த்தது. அன்று அதைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை; பயத்துக்கு வேறு வேலை இருந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் லிம், கோகிலா, நான். சுவரில் பெரிய திரையில் கோவையிலிருந்து முதலாளி, பின்னால் பிள்ளையார் படம். லிம் சுருக்கமாகக் கேட்டார்: கேபிள்தானா?

என் முன்னால் இருந்த தண்ணீரைக் குடித்தேன். அது லிம்முடையது. கோகிலா மேசை மீது கைப்பேசியை மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பழக்கப்பட்ட என் கால்கள் மேசைக்கடியில் தயாராகத்தான் இருந்தன. ஆனால் அறையின் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கோகிலா.

"கேபிளில் எந்தக் குறையும் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "அவர் நாங்கள் கொடுத்த படத்தின்படி சரியாகத்தான் இழுத்திருக்கிறார். தவறு எங்களுடையது. எங்கள் இரண்டு எந்திரங்களுக்கும் ஒரே எண் வைத்துவிட்டோம்."

திரையைப் பார்த்தேன். முதலாளி வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் இருந்தார். கண் இமைக்கவில்லை. பிள்ளையாரும் அசையவில்லை. கோபத்தில் உறைந்தாரா, இணைப்பு உறைந்ததா என்று தெரியவில்லை. தொடர்புக் கோளாறு பார்ப்பதற்கென்றே கடல் தாண்டி வந்தவன் நான். அந்தக் கோளாறு சரியாகவே கூடாது என்று அப்போது வேண்டிக்கொண்டேன்.

சரியாகிவிட்டது.

"மாத்தி என்ன நெம்பரு வெச்சே?" என்றார் தமிழில்.

"பதினெட்டுங்க."

அவர் உதடு அசைந்தது. ஒன்றும் எட்டும். நான் முந்தின நாள் மாலையே அதைக் கூட்டிப் பார்த்துத்தான் வைத்திருந்தேன். பயந்தவன் எல்லாப் பக்கமும் யோசிப்பான்.

"செரி" என்றார். பிறகு, "ஊருக்கு வா, பேசிக்கலாம்" என்று சொல்லித் திரையை அணைத்தார். அது என்ன பேச்சு என்று இப்போதும் எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டியாகிவிட்டது.

லிம் கோகிலாவிடம், அடுத்த மாதம் புது ஹாலுக்கும் கேபிள் இழுக்க வேண்டும், நீயே பார்த்துக்கொள் என்றார். மன்னிப்பு அவர் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. கோகிலா, "ஓகே லா" என்றார். அவ்வளவுதான்.

பிறகு என்னிடம் திரும்பி, சாப்பிட்டாச்சா என்று கேட்டார் லிம்.

அதே வாழையிலைக் கடை. கோகிலா கைப்பேசியை இலைக்குப் பக்கத்தில் வைத்தார். ஆலையில் இரண்டு எந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. மீன் குழம்பு வந்தது. நான் சோற்றில் குழி பறித்துவிட்டு, ஊற்றாமல், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அதிரவில்லை. கடைக்காரம்மா அப்பளம் வைத்துவிட்டுப் போனார். அது அதிரவில்லை.

"ஊத்துங்கண்ணே, ஆறிப்போவுது" என்றார் கோகிலா. கையை நீட்டி, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.